டயாலிசிஸும் கால் குடைச்சலும்: ஃபெரிட்டின் ரிப்போர்ட் சொல்லாமல் விட்டது

டயாலிசிஸ் ஆரம்பிக்கும்போது என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது) போட்ட கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் உட்காரவைத்துச் சொன்னார்கள். ராத்திரியில் கால் இந்தப் பாடு படுத்தும் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. டயாலிசிஸில் இருக்கிற நாலைந்து பேரில் ஒருவருக்காவது இது இருக்கும் என்று பிற்பாடு தெரிந்தபோது, எனக்கு வந்தது நிம்மதியா கோபமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆர்எல்எஸ். நாம் கால் குடைச்சல் என்று சொல்லிவிட்டுத் தைலம் தேய்க்கிற சமாசாரம்தான். நான் மருத்துவர் இல்லை. இதில் வரும் எண்களை வைத்துக்கொண்டு நீங்களே மருந்தை மாற்றாதீர்கள், உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அது வலியாக ஆரம்பிக்கவில்லை. சாயங்காலம் ஆனதும் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில், என்னவோ ஊர்கிற மாதிரி ஒரு தொல்லை. காலை நீட்டினால், மடக்கினால், உதறினால் ஒரு நிமிஷம் விடும். அடங்கிப் படுத்தால் மறுபடி வரும். எழுந்து நடந்தால் போயே போச்சு. நடந்துகொண்டே தூங்க முடியுமா? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடப்பேன், சுவரில் சாய்ந்து நின்றபடியே கண் அசரும், கால் இழுத்துப்போட்டு எழுப்பிவிடும். விடிகிற நேரத்தில் அதுவாக அடங்கும். அப்போது படுத்தால், எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் முதலில் காலைப் பிடித்துவிட்டார், அப்புறம் தனிக் கட்டில் போட்டுக்கொண்டார், அப்புறம் இருவருமே இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். தூக்கம் கெட்ட வீட்டில் சண்டைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

வீட்டில் பட்டதைவிட டயாலிசிஸ் நாற்காலியில் பட்டதுதான் பெரும் அவஸ்தை. கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தம் வெளியே போய்க்கொண்டிருக்கும்போது எழுந்து நடக்க முடியாது. இரண்டாவது மணி நேரம் தாண்டியதும் கால் தானாக உதறும். அலாரம் அடிக்கும். டெக்னீசியன் தம்பி ஓடி வந்து, "அக்கா, அசையாதீங்க, லைன் மடங்குது" என்பான். அசையாமல் இருப்பது என் கையில் இல்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? தாங்க முடியாத நாளில் "எடுத்துவிடு தம்பி, போதும்" என்று நேரம் முடியும் முன்பே எழுந்துவிடுவேன். அப்படி விட்ட நேரமெல்லாம் அடுத்த வாரமே கணக்குத் தீர்த்துக்கொண்டது. கால் வீக்கம், மூச்சு வாங்கல், பொட்டாசியம் ஏறிய ரிப்போர்ட், டிரை வெயிட்டுக்கு, அதாவது கூடுதல் நீர் இல்லாத எடைக்கு, வராத உடம்பு. ஃபைலில் 'நோயாளி ஒத்துழைப்பதில்லை' என்கிற அர்த்தத்தில் ஏதோ எழுதியிருந்ததை ஒருநாள் படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: கால் உதறுவதால்தான் சீக்கிரம் எழுகிறீர்கள் என்பதைக் காரணத்தோடு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதினால்தான் யாராவது அதற்கு வைத்தியம் பார்ப்பார்கள்.

காசு போன கதைக்கு வருகிறேன். ரத்தக் குழாய் அடைப்போ என்று காலுக்கு டாப்ளர் ஸ்கேன். ஒன்றும் இல்லை. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துகிறதோ என்று எம்ஆர்ஐ. என் வயதில் எல்லோருக்கும் இருக்கிற தேய்மானம்தான் இருந்தது, ஆனாலும் அதற்கென்று பிசியோதெரபி, பெல்ட், கடினமான மெத்தை. விட்டமின் ஊசி ஒரு வரிசை. காலுக்கு இறுக்கமான உறை. தைலங்களுக்கு மட்டும் அலமாரியில் ஒரு தட்டே ஒதுக்கியிருந்தேன். டயாலிசிஸ் செலவே மூச்சு முட்டும்போது இதற்காகச் சீட்டுப் பணமும் போனது, ஒரு ஜோடி வளையலும் போனது. கடைசியில் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, ஆனால் ஒன்று கவனித்தேன். "கால் வலிக்கிறது" என்று சொன்னவரைக்கும் ஸ்கேனுக்குத்தான் அனுப்பினார்கள். ஆர்எல்எஸ்ஸைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது, கேள்விகள்தான். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதா? சும்மா இருக்கும்போது வருகிறதா, கூடுகிறதா? அசைத்தால், நடந்தால் குறைகிறதா? பகலைவிட சாயங்காலமும் ராத்திரியும் மோசமா? நாலுக்கும் ஆமாம் என்றால், வேறு எதுவும் இதைப்போல வேஷம் போடவில்லை என்று பார்த்துவிட்டு ஆர்எல்எஸ் என்று முடிவு செய்வார்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு அந்த வேஷக்காரர்கள் அதிகம் என்பதுதான் சிக்கல். தசைப்பிடிப்பில் சதை கல்லாக இறுகும், தொட்டாலே தெரியும், பெரும்பாலும் தண்ணீர் அதிகமாக இழுக்கிற நேரத்தில் வரும். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பில் பாதம் எரியும், மரத்துப்போகும், நடந்தாலும் போகாது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் "வலி" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்தாமல், எப்போது வருகிறது, எதனால் குறைகிறது என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது, நான் இன்னும் நடுங்குகிற விஷயம். பேரைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, நரம்புத் தொல்லை என்று காபாபென்டின் மாத்திரையைத் தினமும் மூன்று வேளை எழுதிக்கொடுத்தார்கள், எழுதியது டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே. முதல் ராத்திரி கால் அடங்கியது, கும்பிட்டேன். அடுத்தடுத்த நாட்களில் நாக்கு குழறியது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கியது. கையில் பிடித்த டம்ளர் திடீரென்று துள்ளி விழுந்தது, கை தானாக வெட்டி இழுத்ததால். குளியலறைக்குப் போகிற வழியில் விழுந்து நெற்றி உடைந்தது. பக்கவாதம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டயாலிசிஸ் போட்டதும் தெளிந்தேன். காபாபென்டின் சிறுநீர் வழியாகத்தான் உடம்பைவிட்டுப் போகும். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் வேளைக்கு வேளை சேர்ந்துகொண்டே போகும், டயாலிசிஸில்தான் வெளியேறும். அது கெட்ட மருந்து இல்லை. இதே காபாபென்டினைப் பிறகு 100 மில்லிகிராம், டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும் என்று என் சிறுநீரக மருத்துவர் எழுதியபோது நன்றாகவே கேட்டது. அதே வகை மருந்தான பிரீகாபாலினுக்கும் இதே கதைதான். வெளி மருத்துவர் எந்த மருந்து எழுதினாலும், "டயாலிசிஸுக்கு ஏற்ற அளவா?" என்று கேட்காமல் முதல் மாத்திரையை வாயில் போடாதீர்கள்.

இன்னொரு பக்கம், சத்தமில்லாமல் இரண்டு மாத்திரைகள் காலைக் கெடுத்துக்கொண்டிருந்தன. டயாலிசிஸில் உடம்பு அரிக்கும், தெரியும்தானே. அதற்கு ராத்திரியில் தூக்கம் வரவைக்கிற வகை அலர்ஜி மாத்திரை. வாந்தி உணர்வுக்கு மெட்டோகுளோப்ரமைட். இரண்டுமே கால் குடைச்சலைக் கூட்டக்கூடியவை. டைபன்ஹைட்ரமின், ப்ரோமெத்தசின் போன்ற பழைய வகை அலர்ஜி மருந்துகளும், மூளையில் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிற வாந்தி மருந்துகளும் இதில் பேர் போனவை. மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைகளில் பலவும் அப்படித்தான், மிர்டாசபின் குறிப்பாக. என் விஷயத்தில் அரிப்புக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று பார்த்ததால், மூன்று சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அதைச் செய்தது புதிதாக வந்த ஒரு இளம் மருத்துவர். பொறுமையாக ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதையும் இதையும் மாற்றிக்கொள்வோம். அப்புறம் உங்க அயர்ன் ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுங்க" என்றார்.

அயர்ன் ரிப்போர்ட்டைப் பார்த்து "இரும்புச் சத்து தாராளமாக இருக்கிறது" என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபெரிட்டின் 420. சாதாரண ஆளுக்கு அது தாராளம்தான். அந்த மருத்துவர் அதற்கு அடுத்த வரியில் விரல் வைத்தார். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், டிசாட் என்பார்கள், 14 சதவீதம். ஃபெரிட்டின் கையிருப்பைக் காட்டுவது. டிசாட், ரத்தத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற, உடம்பு எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இரும்பைக் காட்டுவது. 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓட்டத்தில் பஞ்சம். பீரோ நிறையப் பணம் இருக்கிறது, சாவி இல்லை. அதுதான் என் நிலைமை. அந்தச் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பது ஹெப்சிடின் என்ற ஹார்மோன். கல்லீரலில் உருவாகிறது. செல்களிலிருந்து இரும்பு வெளியே வருவதற்கு ஃபெரோபோர்டின் என்று ஒரே ஒரு வாசல்தான் உண்டு, ஹெப்சிடின் அந்த வாசலையே அழித்துவிடும். சிறுநீரகம் கெட்டால் ஹெப்சிடின் சரியாக வெளியேறாது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் இன்னும் கூடுதலாக அதைச் சுரக்கும். குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதும் அதே வாசல் வழியாகத்தான். நான் மலச்சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டு விழுங்கிய இரும்பு மாத்திரைகள் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. போதாததற்கு, பாஸ்பரஸைக் குறைக்கச் சாப்பாட்டோடு போடுகிற மாத்திரைகளும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

இரும்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். சம்பந்தம் காலில் இல்லை, மூளையில். டோபமின் தயாராவதற்கு டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். ஆர்எல்எஸ் இருப்பவர்களின் மூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்தில், இரும்பு குறைவாக இருப்பதை எம்ஆர்ஐ ஆய்வுகளிலும் இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் இரும்பு சரியாக இருந்தும் மூளைக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறவருக்கும் கால் குடையும், அதனால் "ரத்தசோகை இல்லையே" என்பது இதற்குப் பதில் ஆகாது. இதில் என்னை உறுத்தியது என்ன தெரியுமா? ஸ்வீடன் மருத்துவர் எக்போம் இந்த நோயை 1945-ல் விரிவாக எழுதிவிட்டார். 1953-ல் அதே நாட்டு நார்ட்லாண்டர் என்பவர் ஆர்எல்எஸ்ஸுக்கு இரும்பை ரத்தக் குழாய் வழியாக ஏற்றிப் பலன் கண்டதை எழுதியிருக்கிறார். எவ்வளவு பழைய சங்கதி பாருங்கள். நானோ மெத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

உடனே ஊசி போட்டுவிட்டார்களா என்றால், இல்லை. ஃபெரிட்டின் அழற்சியாலும் ஏறும் என்பதால், எங்காவது தொற்று ஒளிந்திருக்கிறதா என்று தேடினார்கள். அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி அதிகம். நெஞ்சு எக்ஸ்ரே சரி, ஃபிஸ்டுலா சரி. கடைசியில் கடைவாய்ப் பல் வேரில் சீழ். வலியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தொற்று இருக்கும்போது இரும்பு ஏற்றமாட்டார்கள், கிருமிக்கும் இரும்பு வேண்டும். பல்லைப் பிடுங்கி, ஆறவிட்டு, அப்புறம்தான் அயர்ன் சுக்ரோஸ் ஆரம்பித்தது. ஒரு டயாலிசிஸுக்கு 100 மில்லிகிராம் வீதம், பத்து முறை, மொத்தம் 1000. மிஷின் ஓடும்போதே லைனில் செலுத்திவிடுவார்கள், தனியாகக் குத்த வேண்டியதில்லை. முதல் தடவை மட்டும் மெதுவாகப் போட்டு, பிரஷர் இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். வாயில் ஒரு உலோகச் சுவை வந்தது, அவ்வளவுதான். கேட்க வேண்டிய எல்லை எண்களையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் ரத்தசோகையில் டிசாட் 30-க்குள், ஃபெரிட்டின் 500-க்குள் இருந்தால் இரும்பு ஏற்றிப் பார்க்கலாம் என்பது பரவலான வழக்கம். ஆர்எல்எஸ்ஸை மட்டும் மனதில் வைத்து அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் இறுக்கமானது, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஃபெரிட்டின் 200-க்குக் கீழே, டிசாட் 20-க்குக் கீழே என்கிறது. என் 420 அதற்குள் வராது, ரத்தசோகைக் கணக்கில்தான் எனக்கு ஊசி கிடைத்தது. உங்கள் மருத்துவர் தயங்கினால் அதற்கும் காரணம் இருக்கிறது, இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கல்லீரலில் படியும்.

பலன் மறுநாளே வரவில்லை. வரிசை பாதி தாண்டிய பிறகு ஒருநாள் மிஷினில் மூன்றாவது மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். தம்பி பயந்துபோய் பிரஷர் பார்த்திருக்கிறான். வரிசை முடிந்ததும் கால் ராத்திரி எட்டு மணிக்குப் பதில் நள்ளிரவில் ஆரம்பித்தது, அப்புறம் பல நாள் வரவே இல்லை. முழுசாகப் போய்விட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் சில மாதத்தில் மெல்லத் திரும்பியது, ரிப்போர்ட்டில் டிசாட் மறுபடி இறங்கியிருந்தது. காரணம் எளிது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயலைசரிலும் லைனிலும் தங்கிப்போகிற ரத்தம், மாதா மாதம் எடுக்கிற பரிசோதனை ரத்தம், ஊசி எடுக்கும்போது கசிவது எல்லாம் சேர்ந்து ஹீமோடயாலிசிஸில் வருஷத்துக்கு 1 முதல் 3 கிராம் இரும்பு போய்விடும். உடம்பில் இருப்பதே மொத்தம் 3, 4 கிராம். ரத்தம் ஊறப் போடுகிற எரித்ரோபொய்டின் ஊசியும் இருக்கிற இரும்பை எலும்பு மஜ்ஜைக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே இது ஒரு தடவை போட்டு முடிகிற வைத்தியம் இல்லை. டிசாட்டைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே, தேவைப்படும்போது சிறிய அளவில் போட வேண்டியது. பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதை மிஷின் போடுவதற்கு முன்னால் செய்யச் சொல்லுங்கள். இரும்பு ஏற்றிய கையோடு எடுத்தால் எண் பொய் சொல்லும், குறைந்தது ஒரு வாரம் விடச் சொன்னார்கள்.

மருந்தில்லாத விஷயங்களில் எனக்கு நிஜமாகவே உதவியது இரண்டு. ஒன்று, ஷிஃப்ட் மாற்றம். கால் சாயங்காலம்தான் ஆட ஆரம்பிக்கும் என்றால் மாலை ஷிஃப்டில் அசையாமல் உட்காருவது நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிற தண்டனை. கெஞ்சிக் கூத்தாடி அதிகாலை ஷிஃப்டுக்கு மாறினேன், பாதி பாரம் இறங்கியது. இன்னொன்று, மிஷினில் இருக்கும்போதே முதல் இரண்டு மணி நேரத்துக்குள், பிரஷர் நன்றாக இருக்கும்போது, படுத்தபடி காலால் மிதிக்கிற பெடல். இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. மூளைக்கு வேலை கொடுத்தாலும் கொஞ்சம் தாங்கலாம். டிவி போதாது, கணக்குப் போடுகிற விளையாட்டு, யாரோடாவது காரசாரமான வாக்குவாதம் மாதிரி ஏதாவது வேண்டும். காபியைச் சாயங்காலத்தில் நிறுத்தினேன். விட்டமின் சி-யும் உதவும் என்கிறார்கள். ஆனால் டயாலிசிஸில் அது அதிகமானால் ஆக்சலேட்டாக உடம்பில் படியும், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்துப் படுக்கை அண்ணனுக்கு டோபமின் வகை மாத்திரை, பிராமிபெக்சால், கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அற்புதம். வருஷம் ஓட ஓட, ராத்திரி பத்துக்கு வந்த குடைச்சல் மத்தியானமே வர ஆரம்பித்தது, அப்புறம் கைக்கும் ஏறியது. மாத்திரையைக் கூட்டினார்கள், நோயும் கூடியது. இந்த வகை மருந்தே நாளடைவில் நோயை வளர்க்கும், ஆகுமென்டேஷன் என்பார்கள். சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி செலவு என்று கட்டுப்பாடும் போகும். அவர் வீட்டில் பெரிய கலாட்டாவே நடந்தது. இவ்வகை மாத்திரை எடுப்பவர்கள் நேரம் முன்னால் வருகிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள், ஆனால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் கொடுமை.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பலருக்குச் சில வாரங்களிலேயே இது போய்விடுகிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. நான் வரிசையில் இருக்கிறேன். அதுவரை என் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆர்எல்எஸ் உண்டு, மெட்டோகுளோப்ரமைடும் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்தும் வேண்டாம், காபாபென்டின் டயாலிசிஸுக்குப் பிறகு மட்டும், கடைசி ஃபெரிட்டின், டிசாட், கடைசியாக இரும்பு ஏற்றிய தேதி. போன தடவை ஃபிஸ்டுலாவைச் சரிசெய்ய வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, வாந்திக்கு ஊசி போட வந்த நர்ஸ் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார், மருத்துவரைக் கேட்டு, டோபமினைத் தடுக்காத வாந்தி மருந்தான ஆன்டான்செட்ரான் வாங்கி வந்து போட்டார்.